மாத்தினவர் ஏன் மாத்தினவர்: வெள்ளவத்தையில ஒரு வால்வ் றேடியோவைத் திருத்தின முழு விபரம்

பழைய வால்வ் றேடியோ (ட்ரான்சிஸ்டருக்கு முன்னம் வந்த, கண்ணாடிக் குழாய் வால்வில ஓடுறது) ஒண்டைத் திறக்கேக்க உள்ளுக்க டயோடும் ஐசி போர்டும் கண்டபடி வயரும் கிடந்தால், எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிட்டு ஒரிஜினல் சேர்கிட்டைப் பாத்து அப்பிடியே திரும்பக் கட்டுவம் எண்டுதான் யோசினை போகும். தயவுசெய்து அப்பிடித் தொடங்காதேங்கோ. ஒவ்வொரு மாத்தத்துக்குப் பின்னாலயும் ஒரு பழுது இருந்திருக்கும், மாத்தினவர் அதைத் திருத்த வழியில்லாமல் வேற பக்கத்தால சுத்திப் போயிருப்பார், அந்தப் பழுது இண்டைக்கும் அதே இடத்தில இருக்கும். மாத்தத்தை மட்டும் கழட்டினால் பழுது திரும்ப எழும்பும், சில நேரம் காசு குடுத்து வெளிநாட்டால எடுத்த புது வால்வையும் எரிச்சிட்டுத்தான் நிக்கும். நான் இப்ப எழுதப் போறது பல காலத்தில பல பேர் கைவைச்ச ஒரு செட்டைப் பற்றி. ஒவ்வொரு மாத்தத்தையும் ஏன் செய்தவை எண்டு கண்டுபிடிச்சாப் பிறகுதான் அதைக் கழட்டினது, சிலதைக் கழட்டவே இல்லை.

செட் 1950களின்ட கடைசியில வந்த பிலிப்ஸ் மேசை றேடியோ. மரப்பெட்டி, முன்னுக்குப் பியானோ கட்டை மாதிரி வெள்ளைச் சுவிச்சுகள், மேல மேஜிக் ஐ, ஸ்டேஷன் சரியாப் பிடிச்சுதோ எண்டு காட்டுற பச்சை வெளிச்ச வால்வ். சொந்தக்காரர் கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதிக்குக் கடற்பக்கமா இருக்கிற ஒரு பென்சன் எடுத்த டீச்சர், அவவின்ட அப்பா யாழ்ப்பாணத்தில வாங்கினது. அந்த நேரம் ஏன் ஆக்கள் இவ்வளவு காசு குடுத்து றேடியோ வாங்கினவை எண்டு இப்பத்தைய பிள்ளையளுக்கு விளங்காது. 1950இல றேடியோ சிலோன் வர்த்தக சேவை தொடங்கி, அறிவிப்பாளர் மயில்வாகனத்தின்ட குரலைக் கேக்க இஞ்ச மட்டுமில்லை தமிழ்நாட்டிலயும் சனம் காத்துக்கொண்டிருந்த காலம் அது. 2002இல யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 பாதை திறந்தாப் பிறகு செட் லொறியில கொழும்புக்கு வந்திருக்கு. வந்த பிறகும் ஒரு கடையில குடுத்துத் திருத்தியிருக்கினம், கடைசியா பிளக்கைக் குத்தின உடன வீட்டு ட்ரிப் சுவிச் விழுகுது எண்டுதான் என்னட்ட வந்தது.

டீச்சர் கேட்டது ரெண்டே ரெண்டு விசயம். "தம்பி, இது பாடினால் போதும். மற்றது, பின்னால இருக்கிற ரெண்டு ஓட்டைப் பிளக், அது எங்கட தம்பி வைச்சது, அதை மட்டும் கழட்டிப் போடாதேங்கோ."

உள்ளுக்க என்ன கிடந்தது

மொடல் நம்பர் இருக்கிற பின்மூடி இல்லை, வால்வ் இடங்களைக் காட்டுற கடுதாசியும் இல்லை. சேசிஸில (எல்லாச் சாமானும் பூட்டியிருக்கிற இரும்புத் தட்டு) வால்வ் சொக்கட் ஆறு, அதில வால்வ் இருந்தது நாலில. பெயரைப் பாத்தாலே வேலையைச் சொல்லும், அதுதான் ஐரோப்பிய வால்வுகளில எனக்குப் பிடிச்ச விசயம்: முதல் எழுத்து ஈ எண்டால் வால்வைச் சூடாக்கிற ஹீட்டர் 6.3 வோல்ட், பிறகு வாற எழுத்துகள் உள்ளுக்க இருக்கிறது என்ன எண்டு. ஈசிஎச்81 மிக்சரும் ஒசிலேட்டரும், ஈஎஃப்89 ஐஎஃப் (இடைநிலை அலைவரிசை) பெருக்கி, ஈபிசி81 டிடெக்டரும் முதல் ஓடியோவும், ஈஎம்80 மேஜிக் ஐ. வெறுமையா இருந்த ரெண்டையும் வயர் பிடிச்சுத்தான் கண்டுபிடிக்க வேணும். ஒண்டில 1ஆம், 7ஆம் கால் ட்ரான்ஸ்போமர் பக்கம் போகுது, 3ஆம் கால் பெரிய கண்டென்சருக்குப் போகுது, அப்ப அது ஏசியை டிசியாக்கிற ரெக்டிஃபையர் ஈஇசட்80. மற்றதில 7 அவுட்புட் ட்ரான்ஸ்போமருக்கு, 9 ஹைடென்சனுக்கு (வால்வுகளுக்குப் போற கூடின டிசி வோல்டேஜ்), 3ஆம் காலில கருகின ரெசிஸ்டர், அது ஸ்பீக்கரை ஓட்டுற அவுட்புட் வால்வ் ஈஎல்84.

இந்த ரெண்டு வெறும் சொக்கட்டுக்கும் பதிலா வந்திருந்த சாமான்கள்: ரெக்டிஃபையருக்கு நாலு டயோட் பிரிட்ஜ், அவுட்புட்டுக்கு எல்ஏ4440 ஐசி போர்ட், அதுக்கு எண்டு சேசிஸில ஸ்குரூ பண்ணின தனி 12 வோல்ட் ட்ரான்ஸ்போமர். இதைவிட ஒரு சின்ன ட்ரான்சிஸ்டர் றேடியோ போர்ட், அது போற ரெண்டு ஓட்டைச் சொக்கட், ஒரு ஸ்லைட் சுவிச். கடைசியா ஸ்பீக்கர் துணியை வெட்டி முன்பக்கம் பூட்டின புளூடூத் யூஎஸ்பி பனல். ஐஎஃப் ட்ரான்ஸ்போமரில அளவு வைக்கத் திருகிற கோர் எல்லாத்திலயும் ஸ்குரூட்ரைவர் காயம்.

ஒவ்வொண்டையும் எப்ப செய்தவை எண்டு ஓரளவுக்குச் சொல்லலாம். 1970க்கும் 1977க்கும் இடையில இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டில வால்வ் ஒண்டு எரிஞ்சால் அதே வால்வ் கிடைக்கிறது லேசில்லை, கையில இருக்கிறதை வைச்சுத்தான் திருத்துறவை வேலை செய்தவை. பிரிட்ஜ் கட்டினது அந்தக் காலத்து ஆளாத்தான் இருக்க வேணும், சோல்டர் வேலையும் வடிவான வேலை, காலை வளைச்சுக் கொழுவித்தான் ஈயம் விட்டிருக்கிறார். அதுக்குப் பக்கத்தில சமாந்தரமாப் போட்டிருந்த 220 மைக்ரோ கண்டென்சர் டிவியில வாற சாதி, இலங்கையில டிவி வந்ததே 1979இல, அப்ப அது பிறகு வந்த கை. ட்ரான்சிஸ்டர் போர்ட் 1990க்குப் பிறகு, அதைப் பிறகு சொல்றன். ஐசி போர்டும் புளூடூத்தும் கொழும்புக் கடையில.

ட்ரிப் விழுந்த காரணம்

இது சின்ன விசயம், ஆனால் உயிர் போற விசயம். மெயின்ஸ் லைனுக்கும் சேசிஸுக்கும் இடையில ஒரு பழைய பேப்பர் கண்டென்சர், கறுப்புத் தார் பூசினது, உள்ளுக்க ஈரம் ஏறி ரெசிஸ்டர் மாதிரிக் கரண்ட் விட்டுக்கொண்டிருந்தது. 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் அதைப் பிடிச்சிட்டுது. முன்னம் எர்த்தும் ட்ரிப்பும் இல்லாத காலத்தில இதே செட்டின்ட சேசிஸைத் தொட்டவைக்குச் சுள்ளெண்டு அடிச்சிருக்கும். பழசைக் கழட்டிப்போட்டு வை கிளாஸ் கண்டென்சர் போட்டன். மெயின்ஸுக்குக் குறுக்க இருந்ததுக்கு எக்ஸ்2 கிளாஸ் கண்டென்சர். சாதாரண கண்டென்சரை இந்த இடத்தில போடவே கூடாது, வை கிளாஸ் எண்டுறது பழுதானாலும் ஷோர்ட் ஆகாமல் ஓபினாப் போற மாதிரிச் செய்யிறது, உங்கட வீட்டுச் சின்னப்பிள்ளை தொடுற பெட்டி இது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில வயர்த்துண்டு, அதையும் மாத்தி, பழைய எர்த் வயரையும் மூண்டு பின் பிளக்கையும் கழட்டிப் புதுசு பூட்டினது.

பிரிட்ஜுக்குப் பின்னால இருந்த பழுது

இந்தச் செட்டில நான் கூட மினக்கெட்ட இடம் இதுதான். நாலு டயோடைக் கண்ட உடன எனக்குக் கேள்வி, ஏன் நாலு? இந்த ட்ரான்ஸ்போமர் நடுவில டாப் (வைண்டிங்கின்ட நடுவில இருந்து எடுத்த வயர்) இருக்கிற 250-0-250 சாதி, வால்வுக்குப் பதில் டயோட் போடுறதெண்டால் ரெண்டு போதும், 1என்4007 ரெண்டு 1000 வோல்ட் தாங்கும், இஞ்ச தேவை 700 சொச்சம். ரெண்டு போதுமான இடத்தில ஒருத்தர் நாலு போட்டு, அதோட நடு டாப்பை சேசிஸில இருந்து கழட்டி பிரிட்ஜுக்குக் குடுத்திருக்கிறார் எண்டால் அதில காரணம் இருக்க வேணும்.

மீற்றரை வைச்சுப் பாக்க விளங்கினது. நடு டாப்பில இருந்து ஒரு பக்கம் 192 ஓம், மற்றப் பக்கம் ஒண்டும் காட்டேல்லை, ஓபின், எண்டால் கம்பி அறுந்திருக்கு. அரைவாசி வைண்டிங் செத்துப்போன ட்ரான்ஸ்போமரை வைச்சு, மிச்ச அரைவாசிக்கு மட்டும் பிரிட்ஜ் கட்டி அதே வோல்டேஜை எடுத்திருக்கிறார் அந்த மனுசன். உண்மையில கெட்டித்தனமான வேலை. இப்ப யோசிச்சுப் பாருங்கோ, நான் ஒரிஜினலாக்கிறன் எண்டு வெளிக்கிட்டு டயோடைக் கழட்டி ஈஇசட்80ஐக் குத்தியிருந்தால் என்ன நடக்கும்? ஒரு பக்கம் மட்டும் ஓடி 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும், ட்ரான்ஸ்போமர் கோர் ஒரு பக்கமாக் காந்தமாகிச் சூடேறும், அதோட அந்த 220 மைக்ரோ கண்டென்சர் வால்வைத் தின்னும். ஈஇசட்80க்கு முதல் கண்டென்சர் 50 மைக்ரோவுக்கு மேல போகக்கூடாது, போனால் ஒவ்வொரு சைக்கிளிலயும் கண்டென்சர் நிரம்பேக்க இழுக்கிற கரண்ட் வால்வின்ட கத்தோட்டை (எலெக்ட்ரோன் விடுற பாகம்) கொல்லும்.

பிரிட்ஜை அப்பிடியே விடலாமோ எண்டும் யோசிச்சனான். விடேலாததுக்குக் காரணம் ரெண்டு. செட்டின்ட முழுக் கரண்டும் ஒரு பாதி வைண்டிங்கால போகுது, அதால அந்தப் பாதியில மட்டும் சூடு ரெட்டிப்பு, அது போனால் ட்ரான்ஸ்போமரே முடிஞ்சுது. மற்றது, டயோட் சுவிச் போட்ட கணமே ஹைடென்சனைக் குடுக்கும், மற்ற வால்வுகள் சூடாகிக் கரண்ட் இழுக்கத் தொடங்கும்வரை அந்த வோல்டேஜ் உச்சத்தில நிக்கும். மெயின்ஸ் வோல்டேஜ் மாத்திற தட்டில 220இல செட் பண்ணியிருக்கிற ட்ரான்ஸ்போமருக்கு எங்கட வீட்டில வாற 235ஐக் குடுத்தால் 250 வைண்டிங் 267 ஆகும், அதின்ட உச்சம் 377 வோல்ட். கண்டென்சரில எழுதியிருக்கிறது 350. ரெக்டிஃபையர் வால்வ் எண்டால் தானும் மெல்லச் சூடாகி மற்றதுகளோட சேந்துதான் வோல்டேஜைத் தரும், அந்தச் செட்டைக் கட்டினவை அதை நம்பித்தான் கட்டினவை.

அப்ப வைண்டிங்கைப் பாக்க வேணும். முழுசாத் திரும்பச் சுத்தக் குடுக்க முதல், அறுந்தது எங்க எண்டு பாக்கிறது நல்லது, ஏனெண்டால் ஹைடென்சன் வயர் கூடுதலா அறுகிறது உள்ளுக்க இல்லை, மெல்லிய எனாமல் கம்பியும் வெளிய வாற தடிச்ச வயரும் சோல்டர் பண்ணின மூட்டிலதான். மூடியைக் கழட்டி, விளிம்பில இருந்த மஞ்சள் பட்டுத்துணியை ஊசியால மெல்லக் கிளப்பினன். வயர் வெளிய வாற இடத்தில அரிசிமணி அளவில பச்சைப் பொடி. செம்பு பச்சை பிடிச்சு அரிச்சுப் போய்க் கிடந்தது, சோல்டரில விட்ட பிளக்ஸின்ட மிச்சமும் உப்புக் காத்தும் சேந்தால் இதுதான் நடக்கும், யாழ்ப்பாணத்திலயும் உப்புக் காத்து, வெள்ளவத்தையிலயும் உப்புக் காத்து. பொடியைத் துடைக்க உள்ளுக்க இருந்து வாற நல்ல கம்பியின்ட நுனி தெரிஞ்சுது, பூதக்கண்ணாடியில பாத்தால்தான் தெரியும், தலைமயிர் மொத்தம்தான். நுனியில எனாமலைச் சுரண்டி, ஈயம் பிடிக்க வைச்சு, புது வயரை மூட்டி, மூட்டில இழுவை வராத மாதிரி அதை வைண்டிங்கோட சேத்துக் கட்டி, மேல இன்சுலேஷன் டேப் சுத்தினது. பிறகு ஒரு அட்டைப்பெட்டிக்குள்ள 60 வாட் குண்டு பல்ப்போட வைச்சு ஈரத்தைக் காய விட்டு, மெகரால (இன்சுலேஷன் சோதிக்கிற மீற்றர்) 500 வோல்ட் போட்டு சேசிஸுக்கு இன்சுலேஷன் பாத்தன், நல்லா இருந்தது. இப்ப ஒரு பக்கம் 192, மற்றப் பக்கம் 205. வெளிப்பக்கச் சுத்து நீளம் கூட, அதால ஓமும் கூட, அப்பிடித்தான் இருக்க வேணும்.

பிரிட்ஜ் கட்டினவருக்கு இந்தப் பச்சைப் பொடி தெரிஞ்சிருக்குமோ தெரியாதோ, ஆனால் அவர் செய்த வேலையாலதான் இந்த ட்ரான்ஸ்போமர் குப்பையில போகாமல் என்ர மேசைக்கு வந்தது.

கண்டென்சருக்கு 47 மைக்ரோ 450 வோல்ட் ரெண்டு, பழைய அலுமினியக் கான் மேல அப்பிடியே நிக்குது, கீழ வயர் மட்டும் இல்லை. மெயின்ஸ் தட்டை 220இல இருந்து 245க்கு மாத்தினன். இதையும் செய்ய வேண்டிய காரணம் இருக்கு: நான் பாக்கேக்க ஹீட்டர் 7.1 வோல்ட் காட்டினது. ஈஎல்84 0.76 அம்பியரும் ஈஇசட்80 0.6 அம்பியரும் இழுக்கிறதுகள், ஆறு வால்வும் சேந்து இழுக்கிற 2.4 அம்பியரில பாதிக்கு மேல இதுகள்தான், ரெண்டும் இல்லாமல் மிச்ச நாலு வால்வும் கூடின வோல்டேஜில வருசக்கணக்கா எரிஞ்சிருக்கு. இப்ப ஆறும் குத்தி 245 தட்டில 6.0 வோல்ட். வால்வுக்கு நல்லது.

ஐசி போர்ட் மறைச்சு வைச்சிருந்தது

எல்ஏ4440 கூடாத ஐசி இல்லை, ஒரு பக்கத்துக்கு 6 வாட் தரும், காரிலயும் கசெட் செட்டிலயும் எவ்வளவு காலம் பாடினது. கடைக்காரர் அதைப் போட்ட காரணம் அவுட்புட் ட்ரான்ஸ்போமரின்ட பிரைமரி ஓபின். பிரைமரி ஏன் போனது எண்டதை அவர் பாக்கேல்லை, ஐசியைப் போட்டுப் பாடின உடன குடுத்திட்டார்.

ஈபிசி81இன்ட பிளேட்டில (சிக்னல் வெளிய வாற கால்) இருந்து ஈஎல்84இன்ட கிரிட்டுக்கு (சிக்னல் உள்ள போற கால்) போற 10 நானோ கண்டென்சர் அதே இடத்தில இருந்தது, அதுக்கு அங்கால ஐசி போர்டுக்கு வயர். எல்லா வால்வ் செட்டிலயும் முதல் பாக்க வேண்டிய சாமான் இதுதான். சோதிக்கிறது லேசு: அவுட்புட் வால்வைக் குத்தாமல் செட்டை ஓட விட்டு அந்தச் சொக்கட்டின்ட 2ஆம் காலில வோல்டேஜ் பாக்கிறது. பூச்சியம் இருக்க வேணும். இஞ்ச பிளஸ் 9 வோல்ட். கிரிட் ரெசிஸ்டர் 1 மெக் ஓம், அப்ப கண்டென்சரால ஒழுகிறது 9 மைக்ரோஅம்பியர், கேக்க ஒண்டுமில்லாத கணக்கு. ஆனால் ஈஎல்84க்குக் கிரிட்டில இருக்க வேண்டியது கத்தோட்டை விட 7 வோல்ட் சொச்சம் குறைவா, பிளஸ் 9 வந்தால் அந்த பயஸ் குழம்பி வால்வ் கண்மண் தெரியாமல் கரண்ட் இழுக்கும், கத்தோட் ரெசிஸ்டர் கருகும், அவுட்புட் ட்ரான்ஸ்போமர் கம்பி அறும். கம்பி அறுந்த பிறகும் ஸ்கிரீனுக்கு வோல்டேஜ் போய்க்கொண்டுதான் இருக்கும், பிளேட்டுக்குப் போக வேண்டிய கரண்டை ஸ்கிரீன் வாங்கிச் சிவந்து வால்வும் சாகும். இந்தச் சொக்கட்டில கண்ட கருகின ரெசிஸ்டர், ஓபின் ட்ரான்ஸ்போமர், இல்லாத வால்வ், மூண்டுக்கும் ஒரே காரணம். ஐசிக்கு உள்ள போற வழியில தனிக் கண்டென்சர் இருக்கிறபடியால் அதுக்கு இந்த 9 வோல்ட் தெரியவே இல்லை, நல்லாப் பாடினது. ஐசியைக் கழட்டி, புது ட்ரான்ஸ்போமர் பூட்டி, புது வால்வ் குத்தியிருந்தால் முழுக்கதையும் முதல்ல இருந்து தொடங்கியிருக்கும்.

அதால பேப்பர் கண்டென்சர் ஒண்டு விடாமல் எல்லாத்தையும் மாத்தினது. மைக்காவையும் செராமிக்கையும் தொடேல்லை, அதுகள் நல்லா இருந்தது.

அவுட்புட் ட்ரான்ஸ்போமருக்கு மருதானையில வைண்டிங் செய்யிற ஒரு பாஸிட்ட (கைத்தொழில் செய்யிற மேசன்மாரைக் கூப்பிடுற மாதிரி) போனன். ஈஎல்84க்கு 5.2 கிலோ ஓம் வேணும், ஸ்பீக்கர் 5 ஓம், ஓம் விகிதம் 1040, அதின்ட வர்க்கமூலம் 32, அதுதான் சுத்து விகிதம். கணக்கு அவருக்குப் பிரச்சினை இல்லை. விளங்கப்படுத்த வேண்டி வந்தது கோர் அடுக்கிற விதத்தை. மெயின்ஸ் ட்ரான்ஸ்போமருக்கு ஈ தகடும் ஐ தகடும் மாறி மாறிக் கொழுவி அடுக்கிறது, இதுக்கு எல்லா ஈயும் ஒரு பக்கம், எல்லா ஐயும் மற்றப் பக்கம், நடுவில மெல்லிய கடுதாசி. "இடையில கடுதாசி வைச்சா பவர் கொறையும் மல்லி (தம்பி)" எண்டார். குறையிறது சரி, ஆனால் இந்த வைண்டிங்கால எந்த நேரமும் 45 மில்லிஅம்பியர் டிசி போய்க்கொண்டிருக்கும், இடைவெளி இல்லாட்டில் கோர் காந்தத்தால நிரம்பிப் போய் அடித்தொண்டைச் சத்தம் ஒண்டும் வராது. சொன்ன உடன விளங்கி, தானே நல்ல கடுதாசி தேடி எடுத்து வெட்டி வைச்சார். அருமையான கை. 100 வோல்ட் லைன் ட்ரான்ஸ்போமர் ஒண்டை வாங்கிப் பூட்டலாம் எண்டு சிலர் சொல்லுவினம், 2 வாட் டாப் 5 கிலோ ஓம் எண்டது உண்மைதான், ஆனால் அதுக்கு இந்த இடைவெளி இல்லை, நான் போட மாட்டன்.

எல்லாம் பூட்டி, குண்டு பல்ப்பை சீரீஸில போட்டு முதல் கரண்ட் குடுத்து, பிறகு நேரடியாக் குடுத்துப் பாத்த அளவு: ஹைடென்சன் 248 வோல்ட், கத்தோட்டில 150 ஓமுக்கு மேல 7.4 வோல்ட், அப்ப பிளேட்டும் ஸ்கிரீனும் சேந்து 49 மில்லிஅம்பியர். பிளேட்டில எரியிறது பத்தரை வாட் அளவில, வால்வின்ட எல்லை 12. கிரிட்டில பூச்சியம்.

ஐஎஃப் கோரைத் திருகின கை

சத்தம் குறையுது, ஸ்டேஷன் தூரமாக் கேக்குது எண்ட உடன ஆரோ கோரைத் திருகியிருக்கினம். கோர் தானாத் திரும்பாது, மெழுகு விட்டு நிப்பாட்டியிருக்கிற சாமான், அதால சத்தம் குறைஞ்சதுக்குக் காரணம் வேற எங்கயோ இருக்கும். ஈஎஃப்89இன்ட ஸ்கிரீனில 100 வோல்ட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டிய இடத்தில 65 தான் இருந்தது. அதுக்குப் போற 47 கிலோ ஓம் கார்பன் ரெசிஸ்டர் ஏறி ஏறி 120 கிலோ ஓமாகிக் கிடந்தது. சூட்டில பழைய கார்பன் ரெசிஸ்டர் கூடுதலா மேலதான் ஏறும். அதை மாத்தின உடனேயே பாதி உயிர் வந்திட்டுது. பிறகு சிக்னல் ஜெனரேட்டரை 452 கிலோஹெர்ட்ஸில வைச்சு, பின்னுக்கு இருந்து முன்னுக்கு ஒவ்வொரு கோராத் திருப்பி உச்சத்துக்குக் கொண்டு வந்தன், முன்னம் திருகினவர் 470க்குக் கிட்ட இழுத்து வைச்சிருந்தார். கோர் இறுகி நிண்டால் பலத்தைப் பாவிக்காதேங்கோ, வெடிச்சால் கான் முழுக்கப் போச்சு. ஹெயார் டிரையரால மெல்லச் சூடாக்கினால் மெழுகு இளகி வரும். திருப்பிறதுக்குப் பிளாஸ்டிக் கருவிதான், இரும்பு ஸ்குரூட்ரைவர் கிட்டப் போனாலே அளவு மாறும்.

டைனமோச் சொக்கட்

1990இல சண்டை திரும்பத் தொடங்கினாப் பிறகு யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, டோர்ச் பற்றரியும் தடை செய்த சாமான் லிஸ்டில. சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தர் பெடலைச் சுத்த, டைனமோவில வாற கரண்டில மற்றவை நியூஸ் கேட்டது அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும். சைக்கிள் டைனமோ 6 வோல்ட் 3 வாட், அதில வால்வ் செட் ஓடாது, ஈஎல்84இன்ட ஹீட்டருக்கு மட்டுமே 5 வாட்டுக்குக் கிட்ட வேணும். அப்ப பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த டீச்சரின்ட தம்பி, உடைஞ்ச பொக்கற் றேடியோ ஒண்டின்ட போர்டை இதுக்குள்ள பூட்டி, டைனமோ கரண்டை டயோடால திருப்பி 1000 மைக்ரோ கண்டென்சரில நிரப்பி, சத்தத்தை மட்டும் இந்தப் பெரிய ஸ்பீக்கரால எடுத்திருக்கிறார். பெரிய ஸ்பீக்கர் கொஞ்ச பவரிலயும் அறை முழுக்கக் கேக்கும், அதைத் தெரிஞ்சுதான் செய்திருக்கிறார். ஸ்லைட் சுவிச் ஸ்பீக்கரை வால்வுக்கும் ட்ரான்சிஸ்டருக்கும் மாத்திறது.

இதில ஒரு ஆபத்து இருந்தது. வால்வ் ஓடேக்க ஆராவது அந்தச் சுவிச்சைத் தள்ளினால் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் சுமையில்லாமல் நிக்கும், அப்ப பிரைமரியில வோல்டேஜ் எக்கச்சக்கமா எகிறி இன்சுலேஷன் வெடிக்கும். கரண்டே இல்லாத இடத்தில அவர் அதைப் பற்றி யோசிக்கத் தேவையும் இருக்கேல்லை. சுவிச்சைக் கழட்டாமல், ட்ரான்ஸ்போமரின்ட செகண்டரிக்குக் குறுக்க 47 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்டை நிரந்தரமாப் போட்டன், இனி எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு சுமை இருக்கும். ட்ரான்சிஸ்டர் போர்டையும் துடைச்சு, ஒழுகின கண்டென்சர் மட்டும் மாத்தி, பின்சொக்கட்டில 6 வோல்ட் குடுத்துப் பாக்க வேலை செய்யுது. வால்வ் சேர்கிட்டோட அதுக்கு ஸ்பீக்கரைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை. கழட்டியிருந்தால் செட் இன்னும் ஒரிஜினலா இருந்திருக்கும் எண்டு சேகரிக்கிறவை சொல்லலாம். இந்தச் செட்டுக்கு நடந்தது அதுதான், அது உள்ளுக்கயே இருக்கட்டும்.

மிச்சம்

புளூடூத் பனல், ஐசி போர்ட், 12 வோல்ட் ட்ரான்ஸ்போமர் மூண்டையும் எடுத்தாச்சு. டீச்சருக்குப் போனில இருந்து பாட்டுக் கேக்க விருப்பம், அதுக்குச் செட்டை வெட்டத் தேவையே இல்லை, பின்னால கிராமபோன் பிக்கப் சொக்கட் ஒரிஜினலா இருக்கு, வெளிய வைக்கிற புளூடூத் பெட்டியை அதில குத்தினால் சரி. வெட்டின ஓட்டைக்கு உள்பக்கத்தால பிளைவூட் துண்டு, புதுத் துணி. டயல் கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது, எழுத்தெல்லாம் பின்பக்கத்தில இருக்கிறபடியால் அப்பிடியே கழண்டு வரும், முன்பக்கம் மட்டும் ஈரத்துணியால துடைச்சது. ரெசிஸ்டர், கண்டென்சர் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில கிடைக்குது, வால்வ்தான் வெளிநாட்டால எடுக்க வேணும். ஈஎல்84 இப்பவும் புதுசாச் செய்யினம், அமெரிக்கப் பேர் 6பிக்யூ5 எண்டும் தேடலாம். ஈஇசட்80க்கு அமெரிக்கப் பேர் 6வி4.

மீடியம் வேவ் பகலில பெரிசா ஒண்டும் இல்லை, உள்ளூர்ச் சேவையளை எல்லாரும் எஃப்எம்மிலதான் கேக்கினம். இரவில பல்கனியில கட்டின வயரோட தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ் நல்ல தெளிவு, திருச்சி 936உம் பிடிக்குது. அடுக்குமாடி எண்டபடியால் எல்ஈடி பல்ப்பும் போன் சார்ஜரும் போடுற இரைச்சல் பெரிய தொல்லை, உங்கட வீட்டில இதே பிரச்சினை எண்டால் முதல் சொந்த வீட்டுச் சார்ஜர்களை ஒவ்வொண்டாக் கழட்டிப் பாருங்கோ, செட்டைத் திறக்காதேங்கோ.

புதுசாச் செய்த பின்மூடியின்ட உள்பக்கத்தில சேர்கிட் கீறின கடுதாசி ஒட்டியிருக்கு, ஒரிஜினல் எது, நான் மாத்தினது எது, ஏன் மாத்தினனான், அந்த 47 ஓம் எதுக்கு, ட்ரான்ஸ்போமரின்ட மூட்டு எந்தப் பக்கம் எண்டு எல்லாம் எழுதி. கழட்டின பிரிட்ஜும் ஒரு பொலித்தீன் பையில பெட்டிக்குள்ளயே இருக்கு. இனி மிச்சம் ஈஎம்80, பச்சை வெளிச்சம் மங்கிப் போச்சு, இருட்டில மட்டும்தான் தெரியுது, நல்லது ஒண்டு கிடைச்சால் மாத்த வேணும்.